புழு வளர்த்த நிழல்

டிசம்பர் கடைசி வாரம், காலை ஏழரை மணி. வத்தல்மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். கீழே தருமபுரியில் வெயில் ஏறியிருக்கும். மேலே பலா மரங்களுக்கு அடியில் இன்னும் விடிந்தே முடியவில்லை. பழம் பறித்து முடிந்த வரிசைகளுக்கு நடுவே, சருகுகள் மேல் ஒரு குருவி நடந்துபோனது. தத்தவில்லை, நடந்தது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள், இறக்கையில் வெளிர்மஞ்சள் கோடுகள். நாலு அடி வைக்கும், நிற்கும், உடம்பின் பின்பாதியை இடமும் வலமுமாக அசைக்கும். மறுபடி நாலு அடி. மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழுமாக ஆட்டும். இது ஒன்றுதான் பக்கவாட்டில் ஆட்டும். கொடிக்கால் வாலாட்டி.

"தம்பி, குருவியப் பாத்தது போதும். இந்தப் பலாவக் கொஞ்சம் பாருங்க" என்றார் தோட்டக்காரர்.

அவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். மலையாளி இனத்தவர். (கேரளத்து மலையாளி இல்லை; சேர்வராயன், சித்தேரி, கொல்லிமலை, பச்சைமலை என்று இந்தப் பக்கத்து மலைகளில் வாழும் பழங்குடி. ஒவ்வொரு கட்டுரையிலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.) விஷயம் இதுதான். ஒரு மர வியாபாரி வந்து ஐந்து பலா மரங்களுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான். அனுமதி, வண்டி, கூலி எல்லாம் அவன் பொறுப்பு. மரத்தை எடுத்த இடத்தில் சில்வர் ஓக் நட்டு மிளகுக் கொடி ஏற்றிவிட்டால் வருஷா வருஷம் காசு என்றும் சொல்லியிருக்கிறான். நான் பெங்களூரில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன் என்பதால் 'கணக்கு' எனக்குத் தெரியும் என்று பெரியவர் நம்புகிறார். போட்டுக்கொடுங்க, வெட்டலாமா வேண்டாமா?

அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்துதான் இந்தக் கட்டுரை வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

*

முதலில் அந்தக் குருவி. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை நெருக்கமாக நட்டு, அதில் கொடியை ஏற்றி, உள்ளே எந்நேரமும் ஈரமும் அரையிருட்டுமாக வைத்திருப்பார்கள். இங்கிலீஷில் இதற்குக் 'காட்டு வாலாட்டி' என்று பெயர். தமிழ்ப் பறவைப் பட்டியலிலோ கொடிக்கால் வாலாட்டி. எனக்குத் தமிழ்ப் பெயர்தான் சரியாகப் படுகிறது. இந்தப் பறவைக்கு வேண்டியது காடு என்கிற கருத்து இல்லை. மேலே ஒரு கூரை, கீழே சருகு, சருகுக்குள் பூச்சி. அதைக் காடு கொடுத்தால் என்ன, வெற்றிலை கொடுத்தால் என்ன, காப்பி கொடுத்தால் என்ன.

அது முட்டையிடுவது கிழக்குச் சைபீரியாவின் அமுர் ஆற்றுப் பக்கம், வடகிழக்குச் சீனா, கொரியா. அங்கே இலை உதிரத் தொடங்கும்போது கிளம்பித் தென்கிழக்கு ஆசியாவுக்கும், கொஞ்சம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஆனால் அறிவியல் அதை முதலில் சந்தித்தது அமுர் கரையில் இல்லை. புதுச்சேரியில் பல வருஷம் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னரா 1782-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தியப் பறவை என்று இதை விவரித்தார். அந்த விவரணையை வைத்து ஜெர்மன்காரரான க்மெலின் 1789-ல் 'மோட்டாசில்லா இண்டிகா' என்று பெயர் சூட்டினார். பேரினப் பெயர் பிறகு மாறிவிட்டது. 'இந்திய' என்பது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொரியாவில் பிறந்த குருவியின் அடையாள அட்டையில் ஊர்: இந்தியா.

நான் பார்க்கப் போனதென்னவோ இன்னொரு பறவையை. பச்சைக் கதிர்க்குருவி. அதைப் பார்க்கிறேன் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. பெரும்பாலும் கேட்கத்தான் முடியும். ஏழெட்டு கிராம் எடை, இலை நிறம், இலையைவிடச் சின்ன உடம்பு. பலா உச்சியில் எங்கோ 'சிச்சிவிட்' என்று ஒரு குரல், இரண்டு மரம் தள்ளி பதிலுக்கு இன்னொரு 'சிச்சிவிட்'. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று திரும்பும்போது, இலைக்கடியில் ஒரு நொடி துடித்துவிட்டு மறையும். மேற்குச் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசிய மலைகளிலிருந்தும் வருவது. தமிழ்நாட்டில் மரம் இருக்கிற இடத்திலெல்லாம் குளிர்காலத்தில் இது இருக்கிறது. உங்கள் அபார்ட்மெண்ட் வேப்பமரத்தில்கூட இருக்கலாம்.

இந்த வகைக்குருவிகளை முதலில் காதால் பிரித்தவர் இங்கிலாந்தின் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட். 1768-ல் ஒரு கடிதத்தில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குருவிகள் உண்மையில் மூன்று இனம், குரல் வேறு வேறு என்று எழுதினார். நம் பக்கத்துப் பறவைக்கு 1843-ல் கல்கத்தாவிலிருந்து பெயர் கொடுத்தவர் எட்வர்ட் பிளித், ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தின் காப்பாளர். 'விரிடானஸ்' என்ற அந்தப் பெயரை இன்றும் துணையினப் பெயராக வைத்திருக்கிறார்கள். மறுபடி அதே கதை. இங்கே குளிர்காலத்தில் பிடிபட்டு, இங்கேயே பெயர் வாங்கிய பறவை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாம் இவற்றை 'விருந்தாளி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அக்டோபர் வந்தால் செய்தித்தாளில் தலைப்பே அதுதான்: வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை. பச்சைக் கதிர்க்குருவி செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரலில் போகிறது. வருஷத்தில் ஏழு மாதத்துக்கு மேல் இந்தியாவில். கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் வேலை இரண்டு மாதம் சொச்சம். மிச்சம் பயணம். ஏழு மாதம் தங்குகிறவனை எந்த ஊரில் விருந்தாளி என்பார்கள்? வாடகை ஒப்பந்தமே பதினொரு மாதத்துக்குத்தான் போடுகிறோம்.

அது சும்மாவும் தங்குவதில்லை. டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகளைத் தொடர்ந்து கவனித்தார். நம் சேர்வராயனும் சித்தேரியும் அதே தொடரின் தெற்குத் துண்டுகள்தான். குளிர்காலக் கதிர்க்குருவிகளைப் பற்றி அவர் எழுதியதிலிருந்து தெரிவது, ஒவ்வொன்றும் தனக்கென்று சில மரங்களை வளைத்துப்போட்டு இன்னொன்றை உள்ளே விடாமல் காக்கிறது. இந்த 'சிச்சிவிட்' பாட்டு இல்லை. பட்டா நிலத்துக்கு வேலி. பிறகு 1990-களில் மதுசூதன் கட்டி திருநெல்வேலிப் பக்கம் முண்டந்துறையில் இதே குருவிகளை ஆராய்ந்தார். மழை முடிந்த மாதங்களில் இலைகளில் பூச்சி இருக்கும்; தை, மாசி தாண்டினால் குறையும். மழை பொய்த்த வருஷம் குருவிக்கும் பஞ்சம். சரியாக அந்தக் கெட்ட நேரத்தில்தான் இது இறகுகளை முழுசாக மாற்றிக்கொள்கிறது. பழையது உதிர்ந்து புதுசு முளைக்க வேண்டும், அதோடு கொழுப்பும் சேர்க்க வேண்டும், அப்புறம்தான் கிளம்ப முடியும். சைபீரியாவில் மே மாதம் அது விரிக்கிற இறக்கை தமிழ்நாட்டுப் பூச்சியில் செய்தது. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

*

சரி, இந்த நிழல் எப்படி வந்தது? காப்பித் தோட்டம் என்றால் மேலே மரம் இருக்கும் என்பது நமக்கு அவ்வளவு இயல்பாகத் தெரிகிறது. உலகத்தில் அது இயல்பு இல்லை. பிரேசிலின் பெரும் காப்பி வயல்களைப் படத்தில் பாருங்கள், நம்மூர்த் தேயிலை மாதிரி வெட்டவெளியாக இருக்கும். இந்தியாவும் அந்த வழியில்தான் கிளம்பியது. பாதியில் ஒரு பூச்சி மறித்தது.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அப்போது நம் தருமபுரியும் சேலம் ஜில்லாதான். 1965-ல்தான் தனி மாவட்டம் ஆனோம். அதற்கு முன்பே மைசூர்ப் பக்கம் பாபா புடன் மலையில் காப்பி இருந்தது. அங்கே ஜனங்கள் அதை வீட்டுக் கொல்லையில், மர நிழலில் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வந்த பிறகு அளவு மாறியது, முறையும் மாறியது. குடகிலும் வயநாட்டிலும் 1850-களிலும் 60-களிலும் காட்டை மொத்தமாக வெட்டி, எரித்து, சாம்பலில் காப்பி நட்டார்கள். வெயில் பட்டால் காய்ப்பு அதிகம் என்பது கண்ணால் பார்த்த உண்மை. இலங்கை மலைகளில் இந்த முறையில் பெரும் பணம் பார்த்திருந்தார்கள்.

இலங்கைக் காப்பி என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. அந்தத் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் நம் ஆட்கள். மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் ஜில்லாக்களிலிருந்து நடந்தே போனார்கள். ராமேஸ்வரம் கடந்து மன்னாரில் இறங்கி, தண்ணீர் இல்லாத வடக்குப் பாதையில் மாத்தளை வரைக்கும். வழியில் காலராவில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. பின்னாளில் தேயிலை வந்தபோதுதான் வருஷம் முழுக்க ஆள் தேவைப்பட்டு அங்கேயே தங்கினார்கள். காப்பிக் காலத்தில் பெரும்பாலானோர் பருவத்துக்குப் போய், பருவம் முடிந்து திரும்பினார்கள். அவர்களும் வலசைதான். எந்தப் பட்டியலிலும் இல்லாத வலசை.

இப்போது பூச்சி. வெள்ளைத் தண்டுத்துளைப்பான். ஒரு மெல்லிய வண்டு, காப்பித் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு பொரிந்து பட்டைக்குள் போய், பிறகு கட்டைக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒன்பது பத்து மாதம் உள்ளேயே குடைந்துகொண்டிருக்கும். இலை மஞ்சளாகி வாடும்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் செடி முடிந்திருக்கும். தின்பது அரபிகா வகையை. இந்த வண்டின் குணத்தில் ஒரு விஷயம்தான் நமக்கு முக்கியம்: அதற்கு வெயில் வேண்டும். வெயில் நேராக அடிக்கிற தண்டில்தான் சுறுசுறுப்பாக ஓடி முட்டை வைக்கும். வெட்டவெளிக் காப்பி அதற்கு யாரோ போட்டுவைத்த பந்தி.

1860-களின் நடுவில் குடகிலும் மைசூரிலும் வயநாட்டிலும் தோட்டம் தோட்டமாகச் செடிகள் சாய்ந்தன. துரைமார் சென்னை அரசாங்கத்திடம் முறையிட, அரசாங்கம் ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பியது. அன்றைக்கு அரசாங்க மருத்துவர்தான் செடி, பூச்சி, பாறை எல்லாவற்றுக்கும் நிபுணர். அவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து 1869-ல் அறிக்கை வெளியிட்டார். நிழல் உள்ள தோட்டத்தில் சேதம் குறைவு. ஆகவே நிழல் மரம் வையுங்கள். காட்டை எரித்த கையாலேயே மரம் நட வேண்டி வந்தது. கொஞ்ச காலத்தில் நிழல் என்பது இந்தியக் காப்பியின் இலக்கணமாகிவிட்டது. மேலே பலா, அத்தி மாதிரிப் பெருமரங்கள். கீழே கல்யாண முருங்கை மாதிரிக் கழித்துவிடக்கூடியவை. அதற்கும் கீழே காப்பி. இரண்டு அடுக்குக் கூரை.

பிடியின் அறிக்கையில் கொடிக்கால் வாலாட்டிக்கு வேலை இல்லை. யாரும் பறவைக்காக ஒரு மரம் நடவில்லை. ஒரு புழுவுக்குப் பயந்து போட்ட கூரைக்குள் அமுர்க் கரைக் குருவி குடிவந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அதே 1869-ல் இலங்கையில் இன்னொன்று தொடங்கியது. இலைத்துரு நோய். இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, பிறகு இலை உதிர்வு, பிறகு வெறும் குச்சி. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பி கிட்டத்தட்ட ஒழிந்து தேயிலைத் தீவானது. துரு இந்தியாவுக்கும் வந்தது, சேதமும் செய்தது; ஆனால் இங்கே காப்பி பிழைத்துக்கொண்டது. இந்தத் துருவை நினைவில் வையுங்கள், நூறு வருஷம் கழித்துக் கடல் தாண்டித் திரும்ப வரும்.

*

நம் மலைகளில் என்ன பறவை இருக்கிறது என்று யாராவது முறையாகப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஆர்தர் வெர்னே என்ற பணக்காரரின் செலவில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1929 வாக்கில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பெரிய பறவைக் கணக்கெடுப்பு நடத்தியது. களத்தில் மாதிரிகள் சேகரித்தவர் லா பெர்சோன். சேர்வராயனும் சித்தேரி மலையும் அவர் போன இடங்களில் அடக்கம். சித்தேரி என்றால் நம் அரூர்ப் பக்கத்துச் சித்தேரிதான். சேகரித்த தோல்களை வைத்துக்கொண்டு ஹியூ விஸ்லரும் கின்னியரும் எழுதிய அறிக்கை, சங்கத்தின் இதழில் 1930 முதல் 1937 வரை தொடராக வந்தது. விஸ்லர் ஒரு காலத்தில் பஞ்சாப் போலீஸ் அதிகாரி. அந்தத் தொடரை முதன்முதலாகத் திறந்தபோது, ஏதோ வெளிநாட்டு ஆவணத்தில் நம்ம ஊர் பஸ் போர்டைப் பார்த்தமாதிரி இருந்தது.

பிறகு ஒரு விசித்திரமான கட்டம். 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் குரங்குக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வைரஸ் ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பணத்தில் 1959-ல் சாலிம் அலி தலைமையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் திட்டம் தொடங்கியது. விருந்தாளி ஒரு சீசனில் சந்தேக நபர் ஆகிவிட்டார். பறவைதான் கொண்டுவந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் வளையம் மாட்டிய வேலையால் இந்திய வலசை பற்றி நமக்குக் கொஞ்சம் தெரிய வந்தது. பயத்திலிருந்து ஏதாவது கிடைப்பது இந்தக் கதையில் இரண்டாவது முறை.

*

துரு 1970-ல் பிரேசிலில் தலைகாட்டியது. 1976-ல் நிகரகுவா. மத்திய அமெரிக்காவில் பயம் பிடித்துக்கொண்டது. அங்கே அதுவரை காப்பி பெரும்பாலும் மர நிழலில் வளர்ந்துகொண்டிருந்தது. நிழல் என்றால் ஈரம், ஈரம் என்றால் பூஞ்சை. ஆகவே மரத்தை எடு, குட்டை ரகம் நெருக்கி நடு, உரமும் மருந்தும் போடு என்றார்கள் வல்லுநர்கள். அமெரிக்க அரசின் உதவிப் பணமும் பின்னால் நின்றது. லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்கள் போயின. இங்கே ஒரு வண்டு நிழலை நடவைத்தது; அங்கே ஒரு பூஞ்சை நிழலை வெட்டவைத்தது. இரண்டு இடத்திலும் பறவையை யாரும் கேட்கவில்லை.

அங்கே கேட்க ஆள் பிறகாவது வந்தார்கள். அமெரிக்காவின் கோடைகாலக் காடுகளில் பாடும் பறவைகள் குறைவதை அங்கத்திய ஜனங்கள் கவனித்தார்கள். குளிர்காலத்தில் அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தால், பாதிப் பாதை காப்பித் தோட்டத்தில் முடிந்தது. 1996-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாஷிங்டனில் காப்பிக்கென்று ஒரு மாநாடு கூட்டியது. அதிலிருந்து வந்ததுதான் 'பறவைக்கு உகந்த காப்பி' என்ற முத்திரை. இயற்கை விவசாயமாக இருக்க வேண்டும், குறைந்தது 40 விழுக்காடு நிழல், முதன்மை நிழல் மரங்கள் 12 மீட்டராவது உயரம், அதுபோக இன்னும் பத்து வகை மரங்கள். 1998-ல் பீட்டர் மர்ராவும் கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மை. ஜமைக்காவில் ஈரமான நல்ல காட்டில் குளிர்காலத்தைக் கழித்த குருவி உடம்பு கெடாமல் சீக்கிரம் கிளம்புகிறது; வறண்ட புதரில் கழித்தது மெலிந்து, தாமதமாகக் கிளம்புகிறது. அதே ஜமைக்காவின் நீலமலையில், பறவைகள் காப்பிக் காய்த்துளைப்பானைத் தின்று விவசாயிக்கு எவ்வளவு மிச்சப்படுத்துகின்றன என்று டாலரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

நம் பக்கத்திலும் ஆய்வுகள் உண்டு. சிக்மகளூரில் ஆனந்தும் மற்றவர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. காட்டுப் பறவைகளுக்குத் தோட்டம் எவ்வளவு உதவும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பக்கத்தில் காடு இருக்கிறதா என்பதுதான். நிழலை மட்டும் எண்ணி முத்திரை குத்தினால் போதாது. காப்பிக்காரர் தலையில் எல்லாப் புண்ணியத்தையும் ஏற்றி வைக்க நினைத்தால் அது நடக்காது, வனத்துறையும் தன் பங்கைச் செய்தாக வேண்டும்.

அந்த முத்திரை வந்தது அமெரிக்கப் பறவைகளுக்காக. காப்பி குடிக்கிறவரின் கொல்லையிலேயே கோடையில் அந்தக் குருவி பாடுகிறது. கூட ஒரு டாலர் கொடுக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. நம் கதிர்க்குருவிக்கு அந்த வசதி இல்லை. அது பாடுவது சைபீரியாவில். அங்கே யாரும் ஏற்காடு காப்பி வாங்குவதில்லை. இங்கே வாங்குகிற நமக்கோ அது 'சிச்சிவிட்' மட்டும்தான்.

*

சில்வர் ஓக்குக்கு வருகிறேன். ஆஸ்திரேலிய மரம். நேராக, வேகமாக வளரும். மிளகுக் கொடி ஏற அதைவிட வசதியான தூண் கிடையாது. குடகில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டு மரங்கள் மேல் அரசாங்க உரிமைச் சிக்கல், வெட்ட ஆயிரம் காகிதம். சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. மரத்தைக் காக்கப் போட்ட விதியே, பழைய மரம் போய்ப் புது மரம் வர வழி செய்துவிட்டது. விலை வேறு. 1989-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்தது. 1990-களில் இங்கே காப்பி போர்டின் கட்டாயக் கொள்முதல் படிப்படியாகப் போனது. நூற்றாண்டு திரும்பும்போது விலை தரைக்கு வந்தது. அந்த வருஷங்களில் காப்பிக்காரரைக் காப்பாற்றியது மிளகு. மிளகைச் சுமந்தது சில்வர் ஓக். அதைக் குறைசொல்ல, மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிற எனக்கு என்ன யோக்கியதை?

பெரியவரின் அப்பா காலத்தில் இந்த நிலத்தில் சாமையும் ராகியும்தான் இருந்தன. காப்பி அவர் கைக்கு வந்த பிறகு வந்தது. பலா அதற்கு முன்பே நின்றது. அவர்களுடைய குலக்கதையிலும் ஒரு வலசை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையேறினார்கள் என்பார்கள். இப்போது அவருடைய பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நான் ஓசூர் தாண்டி. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்கும் கூட்டத்தையும், ஞாயிறு ராத்திரி ஏறும் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எங்களை எந்த ஊரிலும் விருந்தாளி என்று கூப்பிட்டதில்லை.

கணக்குக்கு உட்கார்ந்தோம். போனில் எக்ஸெல் திறந்து வரிசை போட்டேன்: மர விலை, கன்று, கூலி, மிளகு வரும் வருஷம், மிளகு விலை. பத்து வருஷத்துக்கு இழுத்துப் பார்த்தால் வெட்டுவதே லாபம் என்று வந்தது. பறவையை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, போடவில்லை. போட்டிருந்தால் அது என் ஆசையைப் போட்டதாக ஆகியிருக்கும். காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமல் பலாவைப் பார்த்தார்.

"நிழலுக்கு எவ்ளோ போட்டீங்க?"

"நிழலுக்கா? போடலைங்கையா."

"ஓக்கு நிழலு கட்ட ஏழெட்டு வருசம் ஆவும் தம்பி. அதுவரைக்கும் வெயிலு நேரா தண்டுல அடிக்கும். வெயிலு அடிச்சா வண்டு வந்து வுழும். ஒரு வாட்டி வுழுந்துச்சின்னா பக்கத்துச் செடி, அதுக்குப் பக்கத்துச் செடின்னு போவும். புடுங்கி எரிக்கிறதத் தவிர வேற வழி இல்ல. அந்தக் கணக்கு எங்க?"

ஜார்ஜ் பிடி என்ற பெயரை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வரிசை கூட்டி, செத்துப்போகும் செடிகளுக்கு ஒரு கழிவு போட்டேன். எண் இறங்கியது. எத்தனை செடி சாகும் என்று நான் வைக்கிற ஊகத்தைப் பொறுத்து லாபமாகவும் வந்தது, நஷ்டமாகவும் வந்தது. சாஃப்ட்வேர்காரனுக்குப் பழகிய நிலைமைதான். உள்ளே போடுவது ஊகம் என்றால் வெளியே வருவதும் ஊகம். கடைசியில் அவர், "ஓரத்துல நிக்கிற ரெண்ட மட்டும் குடுத்துர்றேன். பையன் கல்யாணம் இருக்குது" என்றார்.

ஏப்ரல் நடுவில் போன் செய்தேன். இரண்டு மரமும் பொங்கல் கழிந்ததுமே போய்விட்டனவாம். அந்த மூலையில் வெயில் விழுகிறது. ஆள் விட்டுக் காப்பித் தண்டுகளை நாரால் தேய்த்துப் பட்டையை வழவழப்பாக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வெடிப்பு இல்லாவிட்டால் வண்டு முட்டை வைக்காது. இன்னும் மூன்று வரிசை பாக்கி, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும்.

"அந்த வாலாட்டி?" என்று கேட்டேன்.

"அது போயி பத்து நாளு ஆச்சிங்களே."